கிஃப்ட் கார்டு கவுண்டரில் ஒரு கேள்வி கேட்க எங்களை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை எனக்கு. ஊர் இரணியல் பக்கம். இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன் என்பதால் என் பெயரையும் கடைப் பெயரையும் விட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் முன் ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை வழியாக நாலு பேர் காதில் போட்டுவிட வேண்டும். பில் கவுண்டருக்குப் பக்கத்தில், சாக்லேட்டுக்கும் டார்ச் பேட்டரிக்கும் நடுவில், சுழலும் ஸ்டாண்டில் கிஃப்ட் கார்டுகள் தொங்குகின்றனவே, பணம் கட்டி வாங்கிக் கொடுத்தால் கிடைத்தவர் அந்தத் தொகைக்குச் சாமான் எடுத்துக்கொள்ளலாமே, அவற்றைப் பற்றித்தான்.

நம் மாவட்டத்தில் இந்தக் கார்டுக்கு நல்ல கிராக்கி. கல்யாணம், பால்காய்ச்சு, புதுநன்மை, கிறிஸ்துமஸ் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிற பையன் தங்கைக்குப் பணம் போட்டுவிட்டு, "கூட்டுக்காரன் கல்யாணத்துக்கு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திரு" என்பான். மொய்க் கவரில் நோட்டு வைப்பதைவிடக் கார்டு வைத்தால் கொஞ்சம் பவிசு என்று நினைக்கிறவர்களும் உண்டு. என் அக்கா மகன், "இப்போ யாரு சித்தி பிளாஸ்டிக் கார்டு வாங்குறா, எல்லாம் போன்லயே அனுப்பிரலாமே" என்று சிரிக்கிறான். அவன் வயதுக்காரர்களுக்கு அது சரி. எங்கள் கவுண்டருக்குக் கார்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கையில் எடுத்துக் கொடுக்க அவர்களுக்கு ஒரு பொருள் வேண்டும். ஏமாற்றுகிறவர்களும் அவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால், கூட்டம் நெரிகிற சாயங்கால நேரத்தில், ஒரு அம்மா வரிசையில் வந்தார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் நாலு கார்டு. ஒவ்வொன்றும் ஐயாயிரம் ரூபாய்க்கு வேண்டும் என்றார்கள். வேறு சாமான் ஒன்றும் இல்லை. முகம் வியர்த்திருந்தது, "கொஞ்சம் வேகம் போடு மக்ளே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். நான் பேச்சுக்குத்தான் கேட்டேன், "யாருக்கும்மா கிஃப்ட்?"

"ஃபாதருக்கு மக்ளே. ஆஸ்பத்திரியில கெடக்கிற பாவங்களுக்குக் கொடுக்கணுமாம். அவரு மீட்டிங்ல இருக்காராம், பேச முடியாதாம்."

போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் பங்குத்தந்தையின் படம். ஊர்த் திருவிழா நோட்டீஸில் போட்டிருந்த அதே படம்தான், வெட்டி எடுத்திருக்கிறார்கள். நம்பர் புதிது. கேட்டால், பழைய போன் கெட்டுப்போய்விட்டதாம். கடைசி மெசேஜில், 'கார்டின் பின்பக்கம் சுரண்டி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பவும், கார்டை நீங்களே வைத்துக்கொள்ளவும்' என்று இருந்தது. நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய கார்டை இந்த அம்மா ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அந்த அம்மா பங்குப் பேரவையில், அதாவது அவர்கள் கோயில் குழுவில், இருப்பவர். ஃபாதர் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். அது தெரிந்துதான் அவரைப் பிடித்திருக்கிறார்கள்.

கார்டுகளை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "ஃபாதரோட பழைய நம்பருக்கு ஒரு தடவை அடிச்சுப் பாருங்கம்மா, எடுக்கலைன்னா பில் போட்டுத் தாறேன்" என்றேன். அவர் உடனே எடுத்துவிட்டார். "கார்டா? என்ன கார்டு?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அந்த அம்மா கார்டுகளை அப்படியே போட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

நல்லது நடந்ததே, இதில் என்ன குறை என்று நினைக்கலாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், சூப்பர்வைசர் வந்தார். இரவு கணக்கு முடிக்கும்போது, "கஸ்டமர் என்ன வாங்குறாங்க, யாருக்கு வாங்குறாங்கன்னு கேட்கிறது உன் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. டிசம்பர் மாதம் கார்டு விற்பனைக்கு டார்கெட் அவர் தலையில்தான் இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் விற்பனை என்னால் போய்விட்டது.

என் கோரிக்கையே இதுதான். கார்டு பில் போடுகிற ஊழியர் ஒரு கேள்வி கேட்கலாம் என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும். பில் போட்ட அந்த நொடியில்தான் கார்டுக்கு உயிர் வருகிறது. அதுவரை அது வெறும் அட்டை. பில் போட்ட பிறகு அந்த நம்பர் எங்கே போகிறது என்பது கடைக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. ஆக, தடுக்க முடிகிற கடைசி ஆள் கவுண்டரில் இருப்பவர்தான். அவர் வாயைக் கட்டிப்போட்டால் எப்படி?

இது புதுத் திருட்டு ஒன்றும் இல்லை. மேலதிகாரியின் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு கீழே வேலை செய்கிறவர்களிடம் கிஃப்ட் கார்டு கேட்பதை போலீஸார் 'பாஸ் ஸ்கேம்' என்கிறார்கள். 2022-இல் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, நம் மாவட்டத்துக்காரர், இதைப் பற்றி எச்சரித்து வீடியோவே வெளியிட்டார். கலெக்டர் படம், கல்லூரி முதல்வர் படம், கம்பெனி முதலாளி படம் என்று ஆளுக்கேற்ற படம். நம் ஊரில் ஃபாதர் படமும் பாஸ்டர் படமும் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் பாதிரியார் பெயரில் இதே கதை நடந்து, நுகர்வோரைப் பாதுகாக்கும் அங்குள்ள அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் மக்களை எச்சரித்தது. அந்தக் கமிஷனுக்கு 2023-இல் வந்த புகார்களின்படி மட்டும் கிஃப்ட் கார்டு வழியாகப் போன பணம் 21 கோடி டாலருக்கு மேல்.

படித்தவர்கள்கூட ஏன் விழுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இப்போது மீன் விற்கிற அம்மாவுக்கும் தெரியும். பேங்கும் சொல்கிறது, டிவியும் சொல்கிறது. ஆனால் கார்டைச் சுரண்டி நம்பர் சொல்வது நமக்குப் பழகின வேலை. செல்போன் வந்த புதிதில் ரீசார்ஜ் கூப்பன் வாங்கி, நாணயத்தால் சுரண்டி, அந்த நீள நம்பரை மறுமுனையில் இருக்கிற மகனுக்கோ மருமகனுக்கோ நாலு நாலு எண்ணாகப் படித்துச் சொல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்குப் போனவருக்கு, ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைக்கு என்று எத்தனை தடவை படித்திருப்போம். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. கிஃப்ட் கார்டு நம்பரும் ஓடிபி மாதிரிதான் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால் ஓடிபியைவிட மோசம். ஓடிபி சில நிமிடத்தில் செல்லாமல் போகும். கார்டு நம்பரும், சுரண்டினால் தெரிகிற 'பின்' (PIN) என்ற ரகசிய நம்பரும் கையில் இருந்தால் அது நோட்டுக்கட்டு. கார்டே தேவையில்லை.

இது வாங்குகிறவரையே ஏமாற்றிச் சொல்லவைக்கிற வகை. இன்னொரு வகையில் வாங்குகிறவர் யாரிடமும் எதையும் சொல்வதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட் கார்டு, எங்கள் கடையுடையதுதான், ஐயாயிரம் ரூபாய். ஒரு மிக்ஸி எடுத்து வைத்துவிட்டுக் கார்டை நீட்டினார்கள். மெஷினில் போட்டால் பாக்கி பூஜ்யம். மறுபடி போட்டேன், அதேதான். கம்ப்யூட்டரில் பார்த்தபோது, பில் போட்ட மறுநாளே, கல்யாணத்துக்கு முன்னாலேயே, இணையத்தில் எவனோ அந்தப் பணத்துக்குச் சாமான் வாங்கியிருந்தான். அந்தப் பெண் முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கொடுத்தது அவளுடைய தாய்மாமா. மாமா காலிக் கார்டைக் கொடுத்துவிட்டாரோ என்று அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரு கணம் தோன்றியிருக்கும்.

கார்டைத் திருப்பினேன். பின் நம்பர் மேல் இருக்கும் வெள்ளிப் பட்டையை அவர்கள் பாதி சுரண்டியிருந்தார்கள். மீதி இருந்த ஓரத்தில் நகத்தை வைத்தேன், தோல் உரிகிற மாதிரி ஒரே துண்டாக எழும்பி வந்தது. நல்ல பட்டை அப்படி வராது, பொடியாகத்தான் உதிரும். உரிந்த இடத்தில் பசை பிசுபிசுத்தது. அதற்கு அடியில் இன்னொரு பழைய கீறல். யாரோ முன்பே ஒருமுறை சுரண்டி, நம்பரைக் குறித்துக்கொண்டு, மேலே வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டி, திரும்ப ஸ்டாண்டிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அவ்வளவு எளிது. ஸ்டாண்ட் வாசல் பக்கம் இருக்கிறது. பணம் ஏற்றாத கார்டு என்பதால் யாரும் அதைத் திருட்டுப் பொருளாக நினைப்பதில்லை. எங்கள் கடையில் கேமரா எல்லாம் வெள்ளிச் சாமான் பக்கமும் மொபைல் பக்கமும்தான் பார்க்கின்றன. நாலு கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், அடுத்த வாரம் வந்து மாட்டினால் யார் கேட்பார்கள்? அப்புறம் அவனுக்கு ஒரே வேலை, அந்த நம்பர்களில் பணம் ஏறிவிட்டதா என்று இணையத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது. யாராவது அப்பாவி வாங்கிப் பில் போட்டதும் அவன் எடுத்துவிடுவான். கல்யாணப் பரிசு என்பதால் வாங்கின ஆளும் கொடுத்த ஆளும் உடனே சோதித்துப் பார்க்க மாட்டார்கள். அந்த இடைவெளிதான் அவனுக்கு லாபம்.

அந்தத் தம்பதிக்கு எங்கள் மேலாளர் காட்டியது கார்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் வரியை. இந்தக் கார்டு பணத்துக்குச் சமம், தொலைந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டாலோ நிறுவனம் பொறுப்பல்ல. கடையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறோம், தலைமை அலுவலகத்தில் கேட்டால் வாங்கின கடையில் கேளுங்கள் என்கிறார்கள். மிக்ஸியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தெரிந்த அளவில் சட்டம் இவ்வளவு கைவிரிக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. ஏற்கெனவே சுரண்டி ஸ்டிக்கர் ஒட்டின கார்டு பழுதான பொருள் இல்லையென்றால் வேறு எது பழுது? நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஐயாயிரம் ரூபாய்க்காக யார் அலைவது என்று விட்டுவிடுகிறார்கள், கடைக்காரர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. 2021-இல் அது வெளியிட்ட விதிகளின்படி, பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போடக் கூடாது, மறுபடி பணம் ஏற்றக் கூடாது, பணமாகத் திருப்பி எடுக்கவும் முடியாது. நல்லது. ஆனால் ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லும்படி விற்கிற கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை. நம் ஊர்த் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைக் கார்டுகள் பலவும் இந்த வகைதான். அதாவது, கல்யாண வீடுகளில் அதிகம் கைமாறுகிற கார்டைக் கேட்பாரில்லை.

அமெரிக்காவில் மேரிலாந்து என்ற மாநிலத்தில் 2024-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. கார்டு நம்பர் வெளியே தெரியாதபடி உறை இருக்க வேண்டும், பிரித்தால் பிரித்தது தெரிய வேண்டும், கடை ஊழியர்களுக்கு இந்த மோசடியைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். வேறு சில மாநிலங்களில் கார்டு தொங்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். எனக்கு இதில் பிடித்தது ஊழியருக்குப் பயிற்சி என்ற ஒன்றுதான். எங்களுக்கும் பயிற்சி உண்டு. கஸ்டமரைப் பார்த்துச் சிரிப்பது எப்படி, பில் போடும்போது இன்னொரு பொருளைத் தள்ளிவிடுவது எப்படி என்று.

கடைகள் தாமாகச் செய்யாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே துணி எடுத்துப் போட்டதைப் பற்றி எங்களில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம். கால் நரம்பு புடைத்துப்போன அக்காமார் பலர். 2021-இல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்றது. அப்புறம்தான் எங்கள் தளத்தில் ஸ்டூல் வந்தது. உட்காரவிடுகிறார்களா என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். சட்டமோ உத்தரவோ வராமல் ஸ்டூல்கூட வராது என்பதைத்தான் சொல்கிறேன்.

கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. கார்டு ஸ்டாண்டை கவுண்டருக்கு உள்ளே, எங்கள் முதுகுப் பக்கம் வைக்கட்டும். சிகரெட்டையும் பிளேடையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்? வேண்டும் என்கிறவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம், பட்டையைத் தடவிப் பார்த்தே கொடுக்கிறோம். ஒரே ஆள் பத்தாயிரத்துக்கு மேல் கார்டு கேட்டால், போனைக் காதில் வைத்துக்கொண்டே வாங்கினால், யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்க அனுமதி வேண்டும். அதனால் விற்பனை போனால் அதை எங்கள் டார்கெட்டில் கழிக்கக் கூடாது. கேள்வி கேட்டால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும் என்று மேலாளர்கள் பயப்படுகிறார்கள். மரியாதையாகக் கேட்டால் நம் ஊர் ஆட்கள் கோபப்பட மாட்டார்கள்; பத்து வார்த்தை கூடுதலாகவே சொல்வார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு பலகை, தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கிற எழுத்தில்: 'இந்தக் கார்டு நம்பரை போனில் யாராவது கேட்கிறார்களா? பில் போடும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.'

வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் தொங்குகிற கார்டை எடுக்காமல் உள்ளேயிருந்து புதிதாகக் கேளுங்கள். பட்டையின் ஓரம் தூக்கியிருந்தாலோ, கை வைத்தால் ஒட்டினாலோ, உறை மறுபடி ஒட்டினது போல் இருந்தாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கார்டோடு பில்லையும் சேர்த்துப் பரிசு கொடுப்பது கௌரவக் குறைவு என்று நினைத்தால், பில்லை நீங்களாவது வைத்திருங்கள். பில் இல்லாமல் வருகிறவருக்கு எங்களால் எதையும் தேடிக் கொடுக்க முடியவில்லை. பரிசாகக் கிடைத்த கார்டைப் பீரோவில் வைக்காமல் அந்த வாரமே செலவழித்துவிடுங்கள். எந்த அரசு அலுவலகமும், மின்வாரியமும், போலீஸும், பேங்கும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை. ஃபாதரும் வாங்குவதில்லை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், கார்டு கம்பெனிக்கும் போன் செய்து பாக்கியை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வகைப் பணம் பேங்க் கணக்கில் தங்கி நிற்பதில்லை, நம்பர் கிடைத்த சில நிமிடங்களில் சாமானாகவோ இன்னொருவருக்கு விற்றோ போய்விடும் என்பதால் வேகம் முக்கியம். கார்டைத் தூக்கி எறியாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். கடை மேல் புகார் என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்.

மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தலைவர் நம் மாவட்ட ஆட்சியர். வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை உள்ள பெரிய கடைகளுக்கு டிசம்பருக்குள் ஒரு சுற்றறிக்கை அவர் பெயரில் போனால், எங்கள் சூப்பர்வைசரே முன்னால் நின்று ஸ்டாண்டை உள்ளே தள்ளுவார். வணிகர் சங்கங்கள் முன்கூட்டியே செய்தால் இன்னும் நல்லது. ஒரு ஸ்டாண்டை நகர்த்த ஒரு பையனும் பத்து நிமிடமும் போதும்.

இப்படிக்கு,
ஒரு பில்லிங் ஊழியர்,
இரணியல்.